நாலு மணி ஃபோன்

ரப்பர் வெட்டுகிறவனுக்கு விடிகாலை நாலு மணி என்பது நடுவேலை. வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும் என்பதால், இருட்டோடு இருட்டாக நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவோம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அந்த நேரத்தில் சட்டைப்பையில் ஃபோன் அடித்தால் அது என் மகன்தான். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட். நைட் டியூட்டியில் வார்டு கொஞ்சம் அடங்குவதும் அதே நேரத்தில்தான்.

"எத்தனாவது மூட்டில நிக்கிறீங்கப்பா?" என்பான் முதலில்.

"எழுபத்தி ரெண்டு மக்களே."

எங்கள் பக்கம் ரப்பர் மரத்தை மூடு என்றுதான் எண்ணுவோம், மகனை மக்களே என்றுதான் கூப்பிடுவோம். அப்புறம் அவன் பேசுவான், இல்லை பேசமாட்டான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பையிலேயே வைத்துவிட்டு நான் அடுத்த மரத்துக்குப் போவேன். கத்தி பட்டையில் ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்குமாம். சில நாள் இருபது நிமிடமும் அதுதான் எங்கள் பேச்சு.

இந்த ஏழு வருடத்தில் நாங்கள் ஒழுங்காகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்தது அதிகம். பெரும்பாலும் அதைத்தான் எழுதப்போகிறேன். பட்டாளத்துக்கு, அதிலும் மருத்துவப் பிரிவுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. எங்கள் தப்பில் ஒன்றிரண்டாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது எங்களுக்கு 300 மூடு இருந்தது. மறுநாள் காலையில் போய் எண்ணினால் நிற்பது 120. மற்றதெல்லாம் வேரோடு சாய்ந்தோ நடுவில் முறிந்தோ கிடந்தன. மகன் அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தான், உயிரியல் குரூப். தனியார் கல்லூரியில் நர்சிங் சேர்ப்பதாகப் பேச்சு. விழுந்த மரங்களை அறுத்து விறகு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "நான் பட்டாளத்துக்கு எழுதிப் போடுறேன்பா, அங்கேயும் நர்சிங் இருக்கு" என்றான். எனக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே அன்றுவரை தெரியாது.

இதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 40. வயது பதினேழரையிலிருந்து 23க்குள். நம் மாவட்டம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. அவன் போன காலத்தில் முதலில் ஓட்டம், அப்புறம் மெடிக்கல், கடைசியில் எழுத்துத் தேர்வு. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில் வந்துவிட்டது. ஆகவே இப்போது ஓடப் பழகுவதற்கு முன்பே புத்தகத்தைத் திறக்க வேண்டும். நாலு வருடத்துக்கு மட்டும் சிப்பாய்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகும் இந்த வேலைக்கு வழக்கமான சேர்க்கைதான், நாலு வருடக் கணக்கு இதற்கு இல்லை. இருந்தாலும் அந்தந்த வருட அறிவிப்பைப் பையனோடு உட்கார்ந்து நீங்களும் வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பழகினோம். பள்ளிக்கூட மைதானத்தில் நான் வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் ஓடுவான். ஓட்டத்தில் தேறிவிட்டான். மெடிக்கலில் நிறுத்தினார்கள். காரணம் காதில் அழுக்கு! மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் முன்பே காட்டியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

இன்னொன்று, பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பேரில் ஓர் எழுத்து கூடுதல், ரேஷன் கார்டில் குறைவு, ஆதாரில் இனிஷியல் முன்னால் வந்து நிற்கிறது. சேரும்போது எப்படியோ சமாளித்தோம். ஆனால் பிற்பாடு எங்களை அவனைச் சார்ந்தவர்களாகப் பதிவு செய்து, ராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு அட்டை வாங்கும்போது அந்த ஓர் எழுத்து எங்களை மாதக்கணக்கில் இ-சேவை மையத்துக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் நடக்கவிட்டது. பையன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பா அம்மா பேரை எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக்கிவிடுங்கள்.

ரெண்டு லட்சம் கொடுத்தால் மேலே ஆள் இருக்கிறது என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். என் மனைவி கழுத்துச் சங்கிலியில் கைவைத்துவிட்டாள். ராணுவத்தில் சேர யாருக்கும் பைசா கொடுக்க வேண்டியதில்லை. பையன்தான் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தான். அவன் தேர்வான பிறகு அதே மனிதர் "என்னாலதான் கிடைச்சுது" என்று நாலு வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு கதை.

பயிற்சி லக்னோவில், ராணுவ மருத்துவப் படையின் மையத்தில். சேர்ந்தது 2018 நவம்பர். போனதும் ஊசி போடச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதலில் எல்லாச் சிப்பாய்க்கும் உள்ளதுதான். ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கி. மருத்துவப் பாடம் அதற்குப் பிறகு. நம்மூரில் மார்கழிக்கே போர்வையை உதறிவிட்டுப் படுக்கிறவன், லக்னோவின் டிசம்பர் பனியில் விடியுமுன் மைதானத்தில் நின்றான். கை கால் எல்லாம் வெடித்து ரத்தம் கசிந்ததாக ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் பேசக் கிடைக்கும். முதல் நாலு ஞாயிறும் என் மனைவி "சாப்பிட்டியா" என்று ஆரம்பிப்பாள், அடுத்த வார்த்தை வருவதற்குள் அழுகை. அஞ்சாவது ஞாயிறு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தபோது என்னிடம் மட்டும், "அம்மா அழுதா எனக்கு அந்த வாரம் பூரா ஓட முடியலப்பா" என்றான். அன்றிலிருந்து அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை ராத்திரியே ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதி வைப்பாள். பசு சினையா, பக்கத்து வீட்டில் என்ன சண்டை, கோயில் கொடையில் யார் வில்லுப்பாட்டு. அதைச் சொல்லி முடித்து ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அழ வேண்டியதை அங்கே அழுதுகொள்வாள்.

ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாமல் போனான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தானாக வந்துவிடும், அதனால் மலையாளப் பையன்களோடு சேர்ந்து பிழைத்துக்கொண்டான். மற்ற பிரிவில் ஆணையைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். இங்கே எதிரே படுத்திருக்கிறவன் எங்கே வலிக்கிறது என்று சொல்வது புரியாவிட்டால் என்ன செய்வது? வலி, மூச்சு, மயக்கம், வயிற்றுப்போக்கு, எத்தனை நாளாக என்று நூறு சொல்லாவது முன்பே பழகிக்கொண்டு போனால் முதல் வருடம் அவ்வளவு திணறாது.

2019 மே மாதம் சத்தியப்பிரமாண அணிவகுப்புக்குப் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து கோரக்பூர் போகும் ராப்திசாகரில் ஏறினால் ரெண்டு ராத்திரி தாண்டி மூன்றாம் நாள் லக்னோ. தேதி தெரிந்த அன்றே டிக்கெட் போடுங்கள். நாங்கள் நாலு நாள் யோசித்ததில் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது, பாதி வழி கதவோரம் உட்கார்ந்து போனோம். அவல், ஏத்தங்காய் வற்றல், முந்திரிக்கொத்து என்று ஒரு பை நிறைய சுமந்து போய், பாதியை அவன் கூட்டாளிகளே தின்று தீர்த்தார்கள்.

ஊரில் பெரியவர்கள் அவனைக் கம்பவுண்டர் என்பார்கள். "ஊசி போடுத வேலைதானே, உனக்கென்ன பயம்" என்று என்னைத் தேற்றுவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ராணுவ ஆஸ்பத்திரி ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம், ஒரு படைப்பிரிவோடு போய் அவர்களின் டாக்டருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும். ரோந்துக்குச் சிறு குழு கிளம்பினால் டாக்டர் கூட வரமாட்டார், இவன்தான் மருந்துப் பையோடு போவான். ரத்தம் பீறிட்டால் காலுக்குப் பட்டை இறுக்கிக் கட்டுவதும், மூன்று பேர் விழுந்து கிடந்தால் முதலில் யாரிடம் போவது என்று முடிவெடுப்பதும் அவன் தலையில். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி சிவப்புச் சிலுவை அடையாளத்தோடு வேலை பார்க்கும் மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது. தன்னையும் நோயாளியையும் காத்துக்கொள்ள அவன் ஆயுதம் வைத்திருக்கலாம். குண்டுக்கு ஜெனீவா தெரியுமா என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்னுடைய பெரிய தப்புகளில் முதலாவது 2021 ஏப்ரலில்.

டெல்லி கண்டோன்மென்டில் 2020 ஜூலையில் அவசரமாக எழுப்பிய ஆயிரம் படுக்கைக் கோவிட் மருத்துவமனையை ராணுவ மருத்துவர்களும் செவிலியர்களும்தான் நடத்தினார்கள். ரெண்டாவது அலையில் அதைத் திரும்பத் திறந்தபோது இவனும் அங்கே போனான். நாங்கள் இங்கே டிவியில் சுடுகாட்டைக் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நாலு மணிக்கு ஃபோன் வந்ததும் நான் கேட்டது, "இன்னிக்கு எத்தனை பேர் போனாங்க?"

பதில் இல்லை. வெகுநேரம் கழித்து, "நீங்க வெட்டுங்கப்பா" என்று வைத்துவிட்டான்.

கேட்டது அக்கறையில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் வேர்த்து நனைந்து, உள்ளே வர முடியாத சொந்தக்காரர்களுக்கு வீடியோவில் முகத்தைக் காட்டிக் காட்டி, வெளியே வந்து முதலில் கூப்பிட்டது அப்பாவை. அப்பா எண்ணிக்கை கேட்கிறான். மருத்துவப் பிரிவில் இருக்கிற பிள்ளை ஒரு நாளில் பார்க்கிறதை நாம் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டோம். அதை அவனாகச் சொன்னால் கேட்கலாம், தோண்டி எடுக்க நமக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு நான் கேட்பது ஒன்றுதான். "பேசணுமா, சும்மா இருக்கணுமா?" சும்மா இருக்கணும் என்றால் கத்திச் சத்தம்.

அடுத்தது லடாக். 2022 கடைசியில். எங்கே என்று சரியாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லேயில் போய் இறங்கியதும் நேரே மேலே ஏற்றிவிட மாட்டார்கள். முதல் கட்டம் 6 நாள், அதில் முதல் ரெண்டு நாள் வெறும் ஓய்வு. 12,000 அடியைத் தாண்டினால் இன்னொரு 4 நாள், 15,000 அடியைத் தாண்டினால் மறுபடி 4 நாள். உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழகத்தான் இந்தக் கணக்கு. இது தெரியாமல், போய் ஒரு வாரமாகியும் பேசவில்லையே என்று நாங்கள் நேராத கோயில் இல்லை. தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மேலே போனால் ஃபோன் வாரக்கணக்கில் வராது. வராததற்குச் சிக்னல் இல்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் தேடாதீர்கள்.

என்ன பேசுவது என்று தெரியாமல் நான் தவித்த அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கைகொடுத்தவர் சாமர்வெல். நெய்யூர் ஆஸ்பத்திரியின் பழைய வெள்ளைக்கார டாக்டர். என் தாத்தா காலத்தில் சாமர்வெல் டாக்டர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. அவரும் பட்டாளத்து டாக்டர்தான், முதல் உலகப்போரில் பிரான்சின் சோம் போர்முனையில் அறுவை சிகிச்சை செய்தவர். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போனார். ரெண்டாவது தடவை 28,000 அடி வரை போய்த் திரும்பி இறங்கும்போது, தொண்டையின் உள்தோல் குளிரில் கெட்டுப் பெயர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. கூட வந்தவருக்குக் கையசைக்கக்கூட முடியாமல் பனியில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி இருமித் துப்பி உயிர் பிழைத்தார். அப்படிப்பட்டவர் நம்மூர் நெய்யூரில் வந்து இருபது வருடத்துக்கு மேல் கத்தி பிடித்தார். இதை மகனிடம் சொன்னபோது, அத்தனை நாளில் முதல் தடவையாக அவன் குரலில் உயிர் வந்தது. "நெஞ்சைத் தானே அழுத்தினாரா? எப்படிப்பா?" என்று மூன்று தடவை கேட்டான். பயத்தைத் தவிர வேறு ஏதாவது நம்மிடம் பேச இருக்க வேண்டும், அவன் வேலைக்குப் பக்கத்தில் வருகிற ஏதாவது.

ரெண்டாவது தப்பு இதைவிடப் பெரியது.

2023 ஜனவரியில் என் அம்மைக்குக் கால் வீங்கியது. பரிசோதனையில் சிறுநீரகம் என்றார்கள். ரத்தத்தில் க்ரியாட்டினின் என்ற கழிவு ஏறிக்கொண்டே போனது. மேலே பனியில் நிற்கிறவனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, தெரிந்தால் கலங்குவான் என்று குடும்பமே கூடி முடிவெடுத்தோம், சொல்வதில்லை என்று. மூன்று வாரம் காப்பாற்றினோம். நடுவில் அவன் கீழே வந்தபோது ஒரு வீடியோ கால். பாட்டியைக் காட்டச் சொன்னான், காட்டினோம்.

"பாட்டி முகம் ஏன் வீங்கியிருக்கு?"

"இப்பத்தான் தூங்கி எந்திரிச்சா மக்களே."

நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி, உள்ளங்கை அகல ஃபோனில் அவன் பார்த்ததை, பக்கத்திலேயே இருந்த நான் பார்க்கவில்லை. என் தங்கச்சி மகன் ஒரு ரிப்போர்ட்டைத் தெரியாத்தனமாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அன்று ராத்திரியே ஃபோன். சத்தம் போடவில்லை. "பொட்டாசியம் எவ்வளவு இருந்துது?" என்றான். தேடிப் படித்துச் சொன்னேன். "பாட்டிக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறீங்க?"

இளநீர். தினமும் ரெண்டு. சூட்டுக்கு நல்லது, மூத்திரம் பிரியும் என்று என் கையால் மரத்திலிருந்து இறக்கி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஏத்தம்பழம் வேறு அவித்து.

"ரெண்டையும் இப்பவே நிறுத்துங்க. அதுல முழுக்கப் பொட்டாசியம்தான். கிட்னி வெளியே தள்ளாது, இதயத்தைப் பிடிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "இதுக்குத்தானப்பா என்னை அரசாங்கம் படிக்கவெச்சிருக்கு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் பார்க்கிறேன், என் பாட்டிக்குப் பார்க்கக் கூடாதா?"

எட்டு நாள் அவனிடமிருந்து பேச்சில்லை. சிக்னல் இருந்தும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் நாலு மணிக்கு ஃபோன் வந்தது. எத்தனாவது மூடு என்று கேட்கவில்லை. "நானும் ஒண்ணு மறைச்சேன்" என்று ஆரம்பித்தான். டிசம்பரில் ஒரு ராத்திரி, கூட இருந்த சிப்பாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. படுக்க முடியவில்லை, இருமலில் இளஞ்சிவப்பாக நுரை. உயரத்தில் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய். கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். வெளியே பனிக்காற்று, விடியும்வரை நகர வழியில்லை. ஆக்சிஜன் வைத்து, ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடிக்கிற ஒரு பை உண்டாம், அதற்குள் வைத்து, ராத்திரி முழுக்கக் காலால் பம்பை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் உடம்புக்குக் கீழே இறங்கின மாதிரி ஆகுமாம். காலையில் இறக்கினார்கள், ஆள் பிழைத்துக்கொண்டான். "அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டிருந்தா அழுதிருப்பேன், அதான் கூப்பிடல" என்றான்.

அன்று தோட்டத்தில் வைத்து ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்றாலும் அன்றைக்கே அவனிடம் சொல்வது. ரிப்போர்ட்டை முதலில் அவனுக்கு அனுப்புவது. அவன் பக்கத்தில் நடப்பதை அவனுக்கு எப்போது முடிகிறதோ அப்போது சொல்வது, நாங்கள் கேட்பதில்லை. ஒரு பக்கச் சார்பாகத்தான் தெரியும். பட்டாளத்துக்கு வெளியே இருக்கிறவன் தாங்க வேண்டிய பங்கு இது.

மார்ச்சில் தற்செயல் விடுப்பில் வந்தான். பத்து நாள் பாட்டியைக் குளிப்பாட்டி, டயாலிசிசுக்குக் கூட்டிப்போய், உப்பில்லாத கஞ்சியை ஊட்டி எல்லாம் அவனே. அவன் திரும்பிப் போன மாதமே அம்மை போய்விட்டாள். அதற்கு அவனால் வர முடியவில்லை. ஆனால் நாங்கள் மறைத்தே வைத்திருந்தால் அந்தப் பத்து நாளும் கிடைத்திருக்காது.

லீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு என்பது கணக்கு. எப்போது கிடைக்கும் என்பது யூனிட் நிலைமையைப் பொறுத்தது. கல்யாணத் தேதியை அவன் லீவை நம்பிக் குறிக்காதீர்கள். வந்தால் வீட்டு முற்றத்தில் கூட்டம். ஒருத்தருக்குப் பிரஷர் பார்க்கணும், ஒருத்தருக்கு ஸ்கேன் வாசிக்கணும், ஒருத்தர் சும்மா முட்டியைக் காட்டுவார். அவனும் முகம் சுளிக்காமல் பார்ப்பான். ரெண்டு லீவு இப்படிப் போனதும் நான் வாசலில் நின்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு மாமாவுக்கு இன்னும் என்மேல் வருத்தம். அவருக்குப் பிரஷர் பார்க்காததால் அல்ல, கேண்டீன் ரம் வாங்கித் தராததால்.

முதல் நாலைந்து நாள் அவன் தூங்கட்டும். பெண் பார்க்க, குலதெய்வம் கும்பிட, சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் ரெண்டாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், காரணம் கேட்க வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, குடி ஏறுகிறது, யாரோடும் பேச்சில்லை என்றால் பொறுத்துக்கொண்டே இருப்பதும் தப்பு. டெலி மானஸ் என்று 14416 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ராணுவத்தினருக்காகவே அதன் தனிப்பிரிவு புனேயில் 2023 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. பட்டாளத்தான் மனநோய்க்குப் பேசுவதா என்று நினைக்கிற தலைமுறை நாங்கள். எங்களைத் தாண்டிப் போய்த்தான் அவர்கள் பேச வேண்டியிருக்கிறது.

சில்லறை விஷயங்களும் உண்டு. பார்சல் அனுப்புவதென்றால் தபால் ஆபீஸ்தான். 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று வரும் ராணுவத் தபால் முகவரிக்குத் தனியார் கூரியர் போகாது. அவன் எண், ரேங்க், பேர், யூனிட் நாலும் தெளிவாக இருக்கட்டும். வற்றல் ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் எண்ணெய் காறிப்போகும். முந்திரிக்கொத்து தாங்கும், சுக்கு, கருப்பட்டி தாங்கும். நம் மலையோரத்துக் கிராம்பு ஒரு பொட்டலம் போட்டு அனுப்புங்கள், அங்கே தொண்டைக்கு அத்தனை பேரும் கேட்டு வாங்குவார்களாம்.

என் மச்சான் பெருமை தாங்காமல் மருமகன் சீருடைப் படத்தை யூனிட் பேரோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். 2020லேயே ராணுவம் தன் ஆட்களின் ஃபோனிலிருந்து 89 செயலிகளை எடுக்கச் சொன்னது, அதில் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அடக்கம். பையன் அடக்கமாக இருக்க, இங்கே நாம் பறையடிக்கிறோம். அந்தப் படம் வந்த ஒரே வாரத்தில் ஒரு ஃபோன். உங்கள் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஆபரேஷனுக்கு உடனே பணம் அனுப்புங்கள் என்று ஹிந்தியும் மலையாளமும் கலந்து ஒரு குரல். மனைவி பேங்க் பாஸ்புக்கை எடுத்துவிட்டாள். நான் அவன் கூட்டாளியின் அப்பாவுக்கு, பாறசாலைக்காரர், ஃபோன் போட்டேன். அவர் தன் மகனைக் கேட்டு அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார், ரெண்டு பேரும் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. ராணுவம் யாரிடமும் சிகிச்சைக்குப் பணம் கேட்காது. மகனுடைய நம்பர் போக, கூட்டாளிகளின் வீட்டு நம்பர் ரெண்டும் யூனிட் ஆபீஸ் நம்பரும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சம்பளத்தைப் பற்றி ஒரே வரி. முதல் ரெண்டு வருடம் அவன் பணத்தில் நான் ஓகிக் கடனை அடைத்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு பிடிக்கச் சொல்லியிருக்கிறான், நாமினியாக யார் பேர் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணம் ஆனதும் யூனிட்டில் பதியச் சொல்லி நினைவுபடுத்துங்கள்.

தம்பி மகளுக்கும் இப்போது பட்டாளத்து நர்சிங் ஆசை. அவள் போக வேண்டிய வழி வேறு, நீட் எழுதி ராணுவ நர்சிங் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்து வெளியே வரும்போதே லெப்டினன்ட். அண்ணன் அவளுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். அதற்காகவே படிக்கிறேன் என்கிறாள்.

ஓகிக்குப் பிறகு 2018 மழையில் நட்ட கன்றுகள் இருக்கின்றன. ரப்பர் பாலுக்கு வர ஏழு வருடம் ஆகும். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 வந்தால் வெட்டத் தொடங்கலாம். 2025 செப்டம்பரில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக அளந்து, தேறினதில் மட்டும் கோடு போட்டேன். மறுநாள் விடிகாலை முதல் மரத்தில் கத்தி வைக்கும்போது பையில் ஃபோன் அடித்தது.

"எத்தனாவது மூட்டில நிக்கிறீங்கப்பா?"

"ஒண்ணாவது மூடு. புதுசு."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஆழமா வெட்டிராதீங்க, காயம் பட்டுரும்" என்றான். நாற்பது வருடமாக வெட்டுகிறேன், எனக்குச் சொல்லித்தருகிறான். சரி மக்களே என்று ஸ்பீக்கரைப் போட்டுப் பையில் வைத்தேன்.